மொழிக்காப்பு தொட்டிலில் தொடங்கட்டும்!

மொழி ஏட்டில் வாழ்வதில்லை, மேடையிலும் வாழ்வதில்லை. அரசாணையால் அதற்கு வேலியிடலாம், உயிரூட்ட இயலாது. மொழி வாழுமிடம் மக்கள் வாய். அவ்வாய் திறக்குமிடம் தாயின் மடி. பிறந்து மூவாண்டு நிறையாத ஒரு குழவிக்கும் அதனைச் சூழ்ந்த மாந்தருக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் சிறு சிறு பேச்சிலேயே ஒரு மொழியின் அடுத்த தலைமுறை உருவாகின்றது. இவ்வுண்மையை உணராமல் செய்யும் மொழித்தொண்டு வேருக்கு நீர் வாராமல் இலைக்கு நீர் தெளிப்பதாகவே முடியும்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்கு மூலக்கொத்தளத்தினும் தக்க இடம் வேறில்லை. பழைய சென்னையின் மதில் மூலையில் நின்ற கொத்தளத்தால் பெயர் பெற்ற அவ்விடத்து இடுகாட்டில்தான் நடராசனும் தாளமுத்துவும் துயில்கின்றனர். 1938 ஏப்பிரல் 21 அன்று அன்றைய சென்னை மாகாண அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. அதனை எதிர்த்துச் சிறை புகுந்த நடராசன் 1939 சனவரி 15 அன்று உயிர் நீத்தார். தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் உயிர் நீத்தார். 1940 பிப்பிரவரி 21 அன்று அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அப்போரில் மருத்துவர் தருமாம்பாள் அம்மையார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலிய பெண்டிரும் சிறை சென்றனர். சிறை புகுந்த பெண்கள் 73 பேர். அவர்களொடு சிறை புகுந்த குழந்தைகள் 32 பேர். நடக்கவும் பேசவும் முழுதும் பழகாத பிள்ளைகளை இடுப்பில் ஏந்தியே அத்தாய்மார் தளைப்பட்டனர்.

ஆண்டுதோறும் சனவரி 25 அன்று மொழிப்போர் ஈகியர் நாளில் அந்நினைவிடங்களில் மாலைகள் குவிகின்றன; முழக்கங்கள் எழுகின்றன. அவை தேவையே. ஆனால் அவ்விடுகாட்டுச் சுவருக்கு வெளியே என்ன நடக்கின்றது? அடுக்குமாடிகளிலும் சந்துகளிலும் வளரும் ஓராண்டு, ஈராண்டுக் குழந்தைகளுக்குப் பேச்சுத் துணையாக இருப்பவர் யார்? சோறூட்டும் பொழுதும் கைப்பேசி. அழுகை நிறுத்தவும் கைப்பேசி. உறங்க வைக்கவும் கைப்பேசி. எந்த மொழிக்காக இருவர் உயிர் ஈந்தனரோ, அந்த மொழியைக் கேளாமலே, அவர்கள் கல்லறைக்குக் கூப்பிடு தொலைவில் ஒரு தலைமுறை வாய் திறக்கின்றது. இது வடசென்னைக்கு மட்டும் உரிய குறையன்று. அண்ணாநகர் மாளிகையிலும் இதே நிலைதான். எனினும் மூலக்கொத்தளத்தில் இது நடப்பது தமிழருக்குக் கூடுதலாக உறுத்த வேண்டும்.

குழந்தை எவ்வாறு மொழி கற்கின்றது என்பது பற்றிக் கடந்த அரை நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள் பல. அவை ஒருமுகமாகக் காட்டுவது இதுவே: குழந்தை காதால் மட்டும் மொழி கற்பதில்லை; உறவால் கற்கின்றது.

பிறந்து மூன்று நாள் நிறையாத குழவியும் தன் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலினின்று பிரித்தறிந்து அதனையே விரும்புகின்றது என்பதை 1980-இல் தெகாசுப்பர், பைபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். 1984-இல் வெர்க்கர், தீசு என்னும் இருவர் கனடாவில் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த குழந்தைகள், ஆறு முதல் எட்டுத் திங்கள் அகவையில், ஆங்கிலத்தில் இல்லாத இந்தித் தகர டகர வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் கேட்டன. ஓராண்டு நிறைவதற்குள் அவ்வாற்றல் பெரிதும் குன்றிவிட்டது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் உலக மொழிகள் பலவற்றின் ஒலிகளைப் பிரித்தறியும் செவியோடு பிறக்கின்றது. தன்னைச் சூழ்ந்தோர் பேசும் மொழியின் ஒலிகளை மட்டும் கூர்மைப்படுத்திக்கொண்டு பிறவற்றைக் கைவிடுகின்றது என்பதே இதன் பொருள். லகர ளகர ழகர வேறுபாடு தமிழ்ப்பிள்ளைக்கு வாய்க்கவில்லை என்று பள்ளி ஆசிரியர் வருந்தும்போது, அதற்குரிய பருவம் அப்பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே பெரும்பாலும் கழிந்துவிட்டது என்பதை எண்ண வேண்டும்.

அப்படியாயின் தொலைக்காட்சியில் நல்ல தமிழை ஓடவிட்டால் போதாதா? போதாது. 2003-இல் பட்ரிசியா கூல் என்னும் அறிவியலர் இதனைத் தெளிவாக்கினார். சியாட்டில் நகரின் ஒன்பது திங்கள் அகவைக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டி, நூல் படித்து, 12 அமர்வுகள் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு. ஆனால் படப்பதிவாகவும் ஒலிப்பதிவாகவும் மட்டும் பெற்ற குழந்தைகள் ஏதும் கற்கவில்லை. அவை திரையைப் பார்த்தன; கேட்டன; ஆயினும் கற்கவில்லை. ஏன்? திரை குழந்தையைப் பார்ப்பதில்லை. குழந்தை சிரித்தால் அது சிரிப்பதில்லை. குழந்தை சுட்டினால் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

1981-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்த, செவிப்புலனுள்ள ஒரு சிறுவன் பெரிதும் தொலைக்காட்சி வழியாகவே பேச்சைக் கேட்டு வளர்ந்தான். நான்காண்டை நெருங்கியபோதும் அவன் பேச்சு ஒழுங்குற அமையவில்லை. ஒருவர் நேரில் வந்து அவனொடு உரையாடத் தொடங்கிய பின்னரே அது சீர்ப்பட்டது. பெற்றோரின் செவிக்குறை இதற்குக் கரணியமன்று. கைச்சைகை மொழி ஒரு முழுமையான மொழியே. அதனை அவனுக்குக் கற்பித்திருப்பின் அவன் அம்மொழியில் வளர்ந்திருப்பான். அவனுக்கு வாய்க்காதது அவனை நோக்கி விடை தரும் ஓர் உரையாடல் துணையே.

விடை தருதல் என்பதுதான் இங்கு உயிர்நாடி. 2003-இல் கோல்டுசுடைன், கிங், வெசுட்டு என்போர் எட்டுத் திங்கள் குழந்தைகளின் தாய்மாரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர், குழந்தை ஒலியெழுப்பிய உடனே சிரித்தனர், நெருங்கினர், தொட்டனர். மற்றப் பிரிவினரும் அதே அளவு சிரித்தனர், தொட்டனர். ஆனால் குழந்தையின் ஒலியோடு அது பொருந்தவில்லை. முதற்பிரிவுக் குழந்தைகளின் மழலையே பேச்சொலிக்கு நெருங்கி முதிர்ந்தது. அன்பின் அளவு ஒன்றே. அது வந்த பொழுதுதான் வேறு. தன் ஒலிக்கு உலகம் விடை தருகின்றது என்று உணர்ந்த குழந்தை மேலும் ஒலிக்கின்றது. விடை வாராத குழந்தை ஓய்ந்துவிடுகின்றது.

எட்வர்டு திரோனிக் என்பார் 1970-களில் செய்த ஆய்வொன்றில், குழந்தையொடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடுமென முகத்தை அசைவற்று வைத்துக்கொண்டாள். குழந்தை சிரித்துப் பார்த்தது. மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்தது. பின் முகந்திருப்பிச் சோர்ந்தது. அந்த அசைவற்ற முகம் ஆய்வுக்கூடத்தில் சில நிமிடங்களே நீடித்தது. கைப்பேசியில் புதைந்த பெற்றோரின் முகமோ இன்று மணிக்கணக்காக அவ்வாறே நிற்கின்றது.

மேலையர் ஆய்ந்து கண்ட இதனைத் தமிழ் மரபு வாழ்ந்தே கண்டது. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் பருவங்களைப் பாருங்கள்: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என விரிகின்றன. இவற்றுள் ஒன்றாவது குழந்தை தனித்திருக்கும் பருவமா? தால் என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. சப்பாணி என்பது பெரியோர் கேட்கக் குழந்தை கைகொட்டுவது. வாரானை என்பது வருக வருக என்று அழைக்கக் குழந்தை தளர்நடையிட்டு வருவது. அம்புலி என்பது தாய் சுட்டும் நிலவைக் குழந்தையும் உடன் நோக்குவது. ஒருவர் சுட்டுவதை மற்றவரும் நோக்கி, அப்பொருளின் பெயரைச் சொல்லக் கேட்டலே சொற்பேற்றின் வாயில் என்று இன்றைய உளவியல் கூறுகின்றது. நிலாக் காட்டிச் சோறூட்டிய ஒவ்வொரு தமிழ்ப் பாட்டியும் அவ்வாயிலைத் திறந்தவளே. திருவள்ளுவர் மழலைச் சொல்லைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்ததும் பெற்றோர் அதனைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும் என்பதனால் அன்றோ!

நிலவு இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கின்றது. குழந்தையின் சொல்வளம் பெருகும் என விளம்பி விற்கப்பட்ட படப்பதிவு ஒன்றை 2010-இல் செய்த ஆய்வு அளந்தது. ஒரு திங்கள் முழுதும் அதனைப் பார்த்த குழந்தைகள், பாராத குழந்தைகளைவிட ஒரு சொல்லும் மிகுதியாகக் கற்கவில்லை. படமின்றித் தம் பெற்றோர் வாயால் அச்சொற்களைக் கேட்ட குழந்தைகளே மிகுதியாகக் கற்றன. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டா; இரண்டு முதல் நான்காண்டுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டா என்று 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தியது. கருவியின் மேல் பகை தேவையில்லை. தொலைவிலுள்ள தந்தையோ பாட்டியோ திரையில் தோன்றிக் குழந்தையொடு நேரடியாகப் பேசி, அதன் சொல்லுக்கு மறுமொழி தந்தால், அதனாலும் இரண்டாண்டுப் பிள்ளை சொற்கற்கும் என 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. குற்றம் கண்ணாடியில் இல்லை; கண்ணாடிக்கு அப்பால் ஆளில்லாமையில் உள்ளது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய ஆய்வுகளைக் காட்டி ஏழைத் தாய்மீது பழி சுமத்தும் போக்கு உலகெங்கும் உண்டு. 1995-இல் ஆர்ட்டு, இரிசுலி என்னும் இருவர் அமெரிக்காவின் கான்சாசில் 42 குடும்பங்களை ஆய்ந்து, நான்காண்டு அகவைக்குள் வறியர் வீட்டுப் பிள்ளை செல்வர் வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கின்றது என்று கணக்கிட்டனர். அக்கணக்கு ஊரெங்கும் பரவியது. ஆனால் அவர்கள் பெரிதும் எண்ணியது பெற்றோர் தம் குழந்தையை நோக்கிப் பேசியதையே. பாட்டி, அக்கை, அண்டை வீட்டார் பேச்சையும் சூழலில் ஒலிக்கும் பேச்சையும் சேர்த்து எண்ணினால், எல்லா வறிய வீடுகளும் சொல்வறுமை உடையன அல்ல என்று பின்வந்த ஆய்வு காட்டியது. 2018-இல் வந்த மற்றோர் ஆய்வு, கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிடப் பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கையே மூளையின் மொழிப்பகுதி இயங்குவதோடு நெருங்கிய தொடர்புடையது என்றும், அது பெற்றோரின் செல்வநிலையைப் பொறுத்ததன்று என்றும் கண்டது. அஃதாவது, உரையாடலுக்குப் பணம் வேண்டா. ஆளும் பொழுதும் வேண்டும்.

அந்த ஆளையும் பொழுதையும் மூலக்கொத்தளத்துத் தாயிடமிருந்து பறித்தவர் யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. விடியுமுன் காசிமேட்டுக்கு மீனெடுக்கச் செல்பவளும், ஊரார் வீட்டுப் பாத்திரம் துலக்கச் செல்பவளும், துறைமுகத்துச் சரக்குந்துகளின் இரைச்சலிடையே வாழ்பவளும் பிள்ளையொடு பேச விரும்பாதவர் அல்லர். தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு மகப்பேற்று விடுப்பு 12 திங்கள், ஊதியத்துடன். நாட்கூலிப் பெண்ணுக்கு விடுப்பென்பதே இல்லை. முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேற்று உதவி 18,000 உருபா மட்டும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பிடம் அமைக்கவேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. மீன்கூடை சுமப்பவளுக்கு எந்த நிறுவனம் காப்பிடம் அமைக்கும்?

கூட்டுவாழ்வே அவர்களின் காப்பிடமாக இருந்தது. ஒரு சந்தில் பத்து வீடு. பத்து வீட்டுக்கும் நான்கு ஆயாக்கள். தாய் வேலைக்குச் சென்றாலும் பிள்ளை பேச்சின்றி இருந்ததில்லை. நகரை அழகுபடுத்துதல் என்னும் பெயரால் சென்னைக் குடிசைவாழ் மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டபோது சுவர்கள் மட்டும் இடிபடவில்லை; அந்தப் பேச்சுச் சூழலும் இடிந்தது. ஆயா ஓரிடம், பேரன் ஓரிடம். தாய்க்கோ பேருந்திலேயே நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். வாழ்விடத்தை விட்டு மக்களைப் பெயர்ப்பது மொழிக்கும் இழைக்கும் தீங்கு என்பதை மொழிப்பற்றாளர் உரத்துச் சொல்லவேண்டும்.

அடுத்து, ஆங்கில மயக்கம். தமக்கு நன்கு வாராத ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, கம், சிட், ஈட் எனக் குழந்தையை ஏவும் பெற்றோர் பெருகிவிட்டனர். இரு மொழிகள் கேட்பதால் குழந்தையின் மூளை குழம்புவதில்லை, அது பொய்யச்சம். வடசென்னையில் தெலுங்கும் தமிழும் கேட்டு வளர்ந்து இரண்டிலும் நன்கு பேசுவோர் ஏராளம். தெலுங்கு வீட்டில் தெலுங்கே தாய்ச்சொல்லாகட்டும். கேடு எங்கே வருகின்றது என்றால், தான் வளமாகப் பேசவல்ல மொழியைப் பெற்றோர் கைவிட்டுத் தனக்கு வறுமையான மொழியில் பேசும்போது வருகின்றது. தமிழில் ஒரு தாய் கதை சொல்வாள், கடிந்து கொள்வாள், கிண்டல் செய்வாள், ஏன் எதற்கு என்று விளக்குவாள். கம், சிட் என்னும் ஆங்கிலத்தில் அவள் ஏவ மட்டுமே இயலும். ஏவலை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை பணியக் கற்கும், பேசக் கல்லாது. 2019-இல் தமிழக அரசே 2,381 அங்கன்வாடி நடுவங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கி, அவற்றுக்கு எல்.கே.சி., யு.கே.சி. என்று பெயரும் சூட்டியது. பாலர் வகுப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் பெயரும் பேச்சும் ஏன் பிள்ளையின் மொழியில் இருத்தலாகாது?

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல் உண்டு. தூய தமிழ் வேண்டும் என்னும் விழைவில், இரண்டாண்டுப் பிள்ளை வாய் திறக்குந்தோறும் திருத்திக்கொண்டே இருப்பது மொழித்தொண்டன்று. மம்மு என்றும் இங்கா என்றும் பிள்ளை சொன்னால், ஆம், சோறு வேண்டுமா, பால் வேண்டுமா என்று நிறைவான சொல்லைச் சேர்த்து மறுமொழி தருவதே கற்பித்தல். வடசென்னைப் பேச்சைக் கொச்சை என்று எள்ளி நகையாடுவோரும் இதனை எண்ணுக. அத்தாயின் பேச்சு எவ்வளவு சிதைந்திருப்பினும் அவள் பிள்ளைக்கு அதுவே தமிழின் முதல் வாயில். அவ்வாயிலை நாணத்தால் அவள் மூடிவிட்டால் பிள்ளைக்குத் தூய தமிழும் வாராது, கொச்சைத் தமிழும் வாராது. ஊமைத் தமிழே மிஞ்சும். முதலில் பேச்சு பெருகட்டும். பெருகிய பேச்சைப் பின்னர்த் தெளிவிக்கலாம். இல்லாத நீரை எவ்வாறு வடிகட்டுவது?

செய்யத்தக்கன அரியவை அல்ல. சோறூட்டும் பொழுதிலும் குளிப்பாட்டும் பொழுதிலும் உறங்க வைக்கும் பொழுதிலும் கைப்பேசியை அகற்றுக. குழந்தை நோக்கும் பொருளைத் தாமும் நோக்கிப் பெயர் சொல்லுக. அது ஒன்று சொன்னால் தாம் ஒன்று சொல்லி, மறுமொழிக்குச் சற்றே காத்திருக்க. ஒரு சொல் சொன்னால் அதனை ஒரு தொடராக்கித் திருப்பித் தருக. இதில் தந்தைக்கும் பங்குண்டு. பிள்ளையொடு பேசுதல் தாய்க்கு மட்டும் விதித்த கடனன்று. ஓராண்டு கடந்தும் மழலை எழாமலோ, ஈராண்டு ஆகியும் இரு சொற்களைச் சேர்க்காமலோ இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டிச் செவியையும் ஆய்ந்து பார்த்தல் வேண்டும். பழி கூறிக் காலங்கடத்தலாகாது.

அரசு செய்யவேண்டியனவும் உண்டு. 1975 அக்குதோபர் 2 அன்று தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் நடுவங்கள் இன்று தெருவுக்குத் தெரு உள்ளன. அங்கே எடை பார்க்கின்றனர், உணவு தருகின்றனர், பதிவேடு எழுதுகின்றனர். அப்பணியாளர்க்குப் பதிவேட்டுச் சுமையைக் குறைத்துப் பிள்ளைகளொடு பேசவும் பாடவும் கதை சொல்லவும் பொழுது தரவேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்களின் பொழுதுக்கேற்ப விடியற்காலை முதல் திறந்திருக்கும் காப்பிடங்கள் வடசென்னையில் வேண்டும். கதை தெரிந்த ஆயாக்களை மதிப்பூதியம் தந்து அங்கே அமர்த்தலாம். அவர்களைவிட நல்ல மொழியாசிரியர் கிடையார்.

மொழிப்போர் ஈகியர்க்கு மாலையிடும் இயக்கங்களும் அமைப்புகளும் சனவரி 25-ஓடு நின்றுவிடாமல், கிழமைக்கு ஒருநாள் மாலையில் அப்பகுதிப் பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொல்லட்டும், விடுகதை போடட்டும், அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். கட்டாய இந்தியைத் தடுத்து நிறுத்த இரண்டு உயிர்கள் தேவைப்பட்டன. தமிழைத் தொட்டிலில் நிலைநிறுத்த உயிர் தேவையில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஒரு முகம், ஒரு குரல், மறுமொழி கேட்கும் பொறுமை ஆகியவையே தேவை. இதனையும் தர இயலாத தமிழர் தமிழ் வாழ்க என்று முழங்குவதில் பொருளில்லை.